உப்புக் காற்றுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

அஸ்வினி கடைக்குள் வருவது தெரிந்தால் நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். எதிர்முனையில் யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு நேரம்தான் ஒருவன் நடிக்க முடியும்? போனை வைத்துவிடுவேன்.

என் பெயர் ஜான்சன். சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறேன். கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எந்த கேம் ஓடும், விநாடிக்கு எத்தனை பிரேம் படம் வரும், மெமரி எவ்வளவு, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுக்க முடியுமா. இதில் எதையுமே அஸ்வினி கேட்க மாட்டாள். அட்டைப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது துரு புடிக்குமா?" என்பாள்.

"கிராபிக்ஸ் கார்டு இன்னா இரும்புக் கட்டிலா, துரு புடிக்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அடுத்த வாரம் வேறொரு பெட்டி, அதே கேள்வி. பொங்கல் கழிந்து ஆரம்பித்த இந்தக் கூத்து சித்திரை வரைக்கும் இழுத்தது. வாரா வாரம் வந்தாள், வாரா வாரம் வெறுங்கையோடு போனாள். கார்டு விலை அவளுக்காகக் காத்திருக்கவா போகிறது? அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனேன்.

அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா பக்கிரி பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா முத்துமாரி லூப் ரோடு பக்கம் மீன் விற்கிறவர். அஸ்வினி மந்தைவெளியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் முன் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டால் அவள் வேறு ஆள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கிச் சண்டை கேம் அது. அதில் ஒரு மூலையைக் காவல் காக்கச் சொன்னால் அவளைத் தாண்டி ஒரு ஈ போகாது. கடலோரத்துப் பிள்ளை, ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிகிறது என்று ஒரு தடவை புகழ்ந்து வைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் கடலுக்கே போனதில்லண்ணே. எங்கப்பா கூப்ட்டதும் இல்ல. நானா பழகி ஆடறன்" என்றாள்.

அது உண்மை. அவள் ஆட்டத்தில் வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. அம்மாவுக்கு அது மின்சாரச் செலவு. அப்பாவுக்கு அது டப்பா. "டப்பாவ அணைக்கிறியா இல்லியா" என்பதைத் தவிர அதைப் பற்றி அவர் எட்டு வருடமாக வேறு ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

இப்போது கார்டுக்கு என்ன அவசரம் என்பதற்கு வருகிறேன். அடையாறில் ஒரு கம்பெனி இந்த கேமுக்கென்று ஓர் அணி கட்டுகிறது. அணியில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் மாதச் சம்பளம். கேப்டன் அச்யுத் என்று ஒரு மயிலாப்பூர்ப் பையன். நான்கு இடம் நிரம்பிவிட்டது. ஐந்தாவது இடத்துக்கு அஸ்வினி ஒரு பக்கம், தி.நகர்ப் பெண் சிந்து ஒரு பக்கம். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகுதிப் போட்டி. அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். அஸ்வினி முதலில் இறங்குவாள், அவள் சொதப்பினால் சிந்து உள்ளே வருவாள். அந்த இடம் கிடைத்துவிட்டால் அஸ்வினி லேபுக்குப் போக வேண்டியதில்லை. "எனக்கு உருப்படியா வர்ற வேல இது ஒண்ணுதாண்ணே" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் அவள் கடையில் இருக்கும்போதே அச்யுத் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜான்சன் சார், நீங்களாவது அவகிட்ட சொல்லுங்கோ. எங்காத்துல நேக்கு முன்னூறு பிரேம் வரது. அவளுக்குத் தொண்ணூறுலயே நின்னுண்டிருக்கு. எதிராளி வந்து சுட்டுட்டுப் போயிண்டே இருக்கான், இவ ஸ்கிரீன்ல அவன் இன்னும் வரவே இல்ல. இருக்கறதுலயே பெரிய கார்டா ஒண்ணு போட்டுடுங்கோ சார்."

அவன் சொன்னதில் பாதி சரி. அஸ்வினியிடம் இருக்கும் திரை விநாடிக்கு இருநூற்று நாற்பது முறை படத்தை மாற்றக்கூடியது. கார்டு அத்தனை படத்தையும் வரைந்து கொடுத்தால்தான் அந்தத் திரைக்கு மரியாதை. தொண்ணூறு கொடுக்கிற கார்டை வைத்துக்கொண்டு அந்தத் திரையில் ஆடுவது தண்டம். ஆனால் பெரிய கார்டும் வேண்டியதில்லை. அந்த கேம் லேசானது. அவளுடைய புராசஸருக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் சூடு கிளம்புமே தவிர பிரேம் கிளம்பாது. நடுத்தரக் கார்டு ஒன்று போதும் என்று சொன்னேன். அச்யுத் போனை வைத்த பிறகு இதை மறுபடியும் அவளுக்கு விளக்கினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியும்ணே. துரு?" என்றாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா துரு துருன்னு உயிர வாங்கற? நாலு மாசமா அதே கேள்வி. வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா ஆள உடு" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடை மெஹபூப் அலி எட்டிப் பார்த்தார்.

அவள் லேபுக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார்டு. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. திருகாணிகள் செம்பழுப்பு. கேபிள் செருகும் வாயில் பச்சை படிந்திருந்தது.

"எத்தினி வருசம் ஆச்சி இது?"

"ஒன்றர வருசம்தாண்ணே. வாரா வாரம் தொடச்சிக்கினுதான் கீறேன்."

நான் பிறந்தது சாந்தோமில். ஜன்னல் கம்பி, சைக்கிள், கதவுக் கீல் எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்பதைப் பார்த்து வளர்ந்தவன். கல்யாணமாகி ஆதம்பாக்கத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டதில் அந்த நினைப்பே எனக்கு இல்லாமல் போயிருக்கிறது. அவள் முன்னாலேயே கார்டுக் கம்பெனிக்கு போன் போட்டேன். துருப் பிடித்திருந்தால் வாரண்டி கிடையாது, கடலோரத்தில் வைத்துப் பயன்படுத்தினால் அது வாடிக்கையாளர் பொறுப்பு என்றான் போனை எடுத்த பையன்.

"மெட்ராஸே கடலோரம்தானப்பா. அப்போ மெட்ராஸ்ல விக்க மாட்டோம்னு கடையில போர்டு வெச்சிடவா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனை வைத்தேன். இதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து பெட்டிகளை மறுபடி இறக்கினோம். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நடுத்தரக் கார்டு. முதுகில் முழுத் தகடு மூடியிருந்தது. வேலை இல்லாதபோது விசிறி தானாக நின்றுவிடும், அதனால் அந்த நேரத்தில் வெளிக் காற்றை உள்ளே இழுக்காது. உலகத்தில் யாரும் இந்தக் காரணத்துக்காக ஒரு கார்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாட்டிக் கொடுத்தேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை. அறைக்கு ஒரே ஜன்னல், அது கடலைப் பார்த்தது. பிளக் பாயிண்ட் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது, ஆகவே கம்ப்யூட்டரும் அங்கேதான். மூலையில் பக்கிரியின் போட் இஞ்சின் நின்றது. கரையில் விட்டால் களவு போய்விடும் என்று தினமும் தோளில் தூக்கி வந்துவிடுவாராம். வீடு முழுக்க எண்ணெய் வாசனை.

கார்டை மாட்டி கேமைப் போட்டோம். இருநூற்று நாற்பது, ஆடாமல் அசையாமல் நின்றது. நான் கை தட்டினேன். அஸ்வினி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் டேப் ஒட்டினாள். கால் மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. கார்டு சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. இருநூறு, நூற்றைம்பது, நூற்றுப் பத்து. ஜன்னலைத் திறந்தால் மறுபடி இருநூற்று நாற்பது, கூடவே கம்ப்யூட்டர் பொட்டியின் தலைமேல் உப்புக் காற்று. திறந்தால் துரு, மூடினால் சூடு. ஏசி போடு என்று சொல்ல வாயெடுத்து, அந்த வீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். யார்மீது கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

முத்துமாரி சமையலறையிலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இந்த ஒரு காத்துக்காகத்தான் இந்த வூட்ல கெடக்கறோம். அதயும் சாத்திட்டீன்னா நாங்க எங்கம்மே போறது?" என்றார் மகளிடம்.

பக்கிரி இஞ்சினைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து வந்ததும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஞாயிற்றுக்கிழமையானால் பிரஷ்ஷால் எண்ணெயும் பூசி, கோணி சுற்றி வைப்பது அவர் வழக்கம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னாத்துக்கு நைனா ஜன்னல மூடுது பொண்ணு?"

"உப்புக் காத்து பட்டா கார்டு துரு புடிச்சிடுங்க."

"ஓ" என்றார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

நாலைந்து நாள் கழித்து அஸ்வினி போன் செய்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தே ஆடு, ஒன்றும் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை, அதற்காகச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டி முடிகிறவரை திறந்து வைத்து ஆடு, துரு வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இரண்டு வாரம் அமர்க்களமாகப் போனது. அவளைக் குறை சொல்வதையே தொழிலாக வைத்திருந்த அச்யுத்கூட எனக்கு போன் போட்டு, இப்போதுதான் அவள் ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது என்றான். ஐந்தாவது இடம் அவளுக்குத்தான் என்று எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

போட்டியை நான் ஆதம்பாக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நேரலையில் அணியின் பேச்சும் கேட்டது. முதல் ஆட்டத்தில் அஸ்வினி காத்த மூலையில் ஒருவனும் நுழையவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நேர் எதிரே வந்தவனை அவள் சுடவே இல்லை. இன்னொருவன் வந்தான், அவனையும் விட்டாள்.

"அஸ்வினி, என்ன பண்ணிண்டிருக்கே? முன்னாடி நிக்கறான் பார்" என்றான் அச்யுத்.

"தெர்லப்பா. படம் நின்னு நின்னு வருது. ஜன்னல் தொறந்துதான் கீது" என்றாள் அவள்.

அந்த ஆட்டம் போனது. மூன்றாவது ஆட்டத்துக்கு அச்யுத் சிந்துவை இறக்கினான். சிந்து நன்றாகவே ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. அணி தகுதி பெற்றது. ஐந்தாவது இடம் சிந்துவுக்கு என்று கம்பெனியிலிருந்து சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. நான் பொறுக்கி எடுத்து, நானே மாட்டிக் கொடுத்த கார்டு. பையில் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அஸ்வினி கதவைத் திறந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அம்மா மீன் கடையில் இருந்தார். நான் பொட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் குப்பென்று ஒரு நெடி அடித்தது. கார்டை வெளியே எடுத்தேன். தகடுகளுக்கு இடையில் எண்ணெயும் கடல் மணலும் தூசியும் குழைந்து, வறுத்த சட்டியின் அடிப்பிடிப்பைப்போல் கறுப்பாக இறுகியிருந்தது. ஊதினால் ஒரு துளிக் காற்று அந்தப் பக்கம் போகாது. விசிறியை விரலால் தள்ளினேன், அரைச் சுற்று சுற்றி நின்றது. சூடு வெளியே போக வழி இல்லாமல் கார்டு திணறியிருக்கிறது. மற்றபடி தேடிப் பார்த்தும் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

நான் இது என்ன கண்றாவி என்று மோந்து பார்ப்பதற்குள் அஸ்வினிக்குப் புரிந்துவிட்டது. அவள் மூலையில் கோணி சுற்றி நின்ற இஞ்சினையும், பக்கத்தில் இருந்த எண்ணெய் டப்பாவையும், அதன்மேல் கிடந்த பிரஷ்ஷையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கிரி மாடிப்படி ஏறி வந்தார். என் கையில் கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வா நைனா. துரு கிரு ஏதனா ஏறிக்கீதா, நல்லா பாரு" என்றார். "இவ வேலைக்குப் போன நேரமா கயட்டி, ரெண்டு கை பூசி உட்டேன். நம்ம இஞ்சினுக்குன்னு வாங்கி வெச்ச நல்ல எண்ண. கழுவிட்டுப் பூசலாம்னுதான் பாத்தேன், கரெண்டு சாமானாச்சேன்னு உட்டுட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஒரு பெண்ணின் பிழைப்பு, நாலு மாத அலைச்சல், எல்லாம் ஒரு பிரஷ்ஷில் போயிருக்கிறது. இந்த மனிதர் என்னவோ சாதித்ததுபோல் நிற்கிறார். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அஸ்வினி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏறலப்பா. ஒரு பொட்டு துரு இல்ல. அண்ணன் இப்பதான் பாத்து சொல்லிக்கினு இருந்தாரு."

"அப்புடிப் போடு" என்றார் பக்கிரி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி, "இன்னிக்கி ஆட்டம் இன்னாச்சி?" என்றார்.

"தோத்துட்டேன்பா."

"உடு. அட்த்த தபா பாத்துக்கலாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இஞ்சினுக்குப் பூசறப்ப இதுக்கும் ஒரு கை பூசிடறேன்."

"சரிப்பா" என்றாள் அஸ்வினி.

கார்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அஸ்வினி கூடவே கீழே இறங்கி வந்தாள். இரண்டாவது மாடி திரும்பியதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"ஒனக்கு மூள கீதா இல்லியா? சொல்லித் தொலைக்க வேண்டிதுதான? எண்ணயாலதான் போச்சின்னு ஒரு வார்த்த. வாரா வாரம் பூசறேன்றாரு அந்தாளு, நீ சரின்ற. இன்னொரு தபா ஒன்ன யாரு கூப்பிடுவா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்கண்ணே. தெரியும்."

"அப்புறம் இன்னா?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எட்டு வருசமா டப்பாவ அணைன்றத தவுர ஒண்ணும் கேட்டதில்ல. இன்னிக்கி ஆட்டம் இன்னாச்சின்னு கேக்கறாருண்ணே" என்றாள். "அத எப்டிண்ணே சொல்வேன் அவுருகிட்ட."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போய்ப் படு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சிந்துவுக்கு அடையாறு கம்பெனியில் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது. அஸ்வினி மந்தைவெளி லேபில்தான் இருக்கிறாள். நான் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்த அதே கார்டில் சாயங்காலம் ஆடுகிறாள். பக்கிரி சொன்ன சொல் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்டுக்கு ஒரு கை எண்ணெய் பூசுகிறார், பூசிக்கொண்டே அந்த வாரம் எத்தனை பேரைச் சுட்டாள் என்று கேட்கிறாராம். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அவள் கார்டைச் செய்தித்தாளில் சுற்றி என் கடைக்குக் கொண்டு வருகிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, திட்டிக்கொண்டே துடைத்துக் கொடுக்கிறேன்.